நின்றுபோனதும் முடித்து வைத்ததும்

2009-ல் வந்த ஒரு சுமாரான அமெரிக்கப் படத்தைப் பற்றி இப்போது, அதுவும் இந்தப் பக்கங்களில், எழுதுவதற்கு நான் காரணம் சொல்லியாக வேண்டும். 'டெட் லைக் மி: லைஃப் ஆஃப்டர் டெத்' என்பது படத்தின் பெயர். டைரக்டர் ஸ்டீஃபன் ஹெரெக். தியேட்டருக்கு வராமல் நேராக டிவிடியாக விற்பனைக்கு வந்த படம். நம்மில் அநேகர் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கச் சொல்லி சிபாரிசு செய்வதும் என் உத்தேசமல்ல. நின்றுபோன ஒரு படைப்பை இன்னொரு கை எடுத்து முடித்து வைக்கலாமா என்ற கேள்வி நம் வட்டத்தில் சென்ற தை மாதத்திலிருந்து இருந்துவருகிறது. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. டீக்கடையில் அது வந்து உட்கார்ந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. எங்கேயோ இருக்கிற ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் எனக்குக் கொஞ்சம் சுலபம்.

முதலில் தொடர். 'டெட் லைக் மி' ஷோடைம் என்ற சந்தாச் சானலில் 2003 ஜூனில் ஆரம்பித்து 2004 அக்டோபரில் நின்றது. இரண்டு பருவம், 29 பகுதிகள். உருவாக்கியவர் பிரையன் ஃபுல்லர். சியாட்டில் நகரத்தில் கல்லூரியைப் பாதியில் விட்ட பதினெட்டு வயதுப் பெண் ஜார்ஜியா லாஸ்; ஜார்ஜ் என்று கூப்பிடுகிறார்கள். 'ஹாப்பி டைம்' என்ற ஏஜென்சி மூலம் தற்காலிக வேலைக்குப் போன முதல் நாளே, மதிய இடைவேளையில், வானத்திலிருந்து விழுந்த ஒரு கழிப்பறை இருக்கை பட்டுச் சாகிறாள். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துடைய இருக்கை அது. (மிர் நிஜமாகவே 2001 மார்ச்சில் கீழே இறக்கப்பட்டது, எரிந்தது போக மிச்சம் பசிபிக் கடலில் விழுந்தது.) செத்தவளுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை. உத்தியோகம்தான். சாகப்போகிறவரை அந்தக் கணத்துக்குச் சற்று முன்பு தொட்டு ஆத்மாவை விடுவிக்கிற உத்தியோகம். சம்பளம் கிடையாது. வாடகையும் சாப்பாடும் அவரவர் பாடு. ஆகவே செத்தவள், பிறர் கண்ணுக்கு வேறு முகத்தோடு, வேறு பெயரில், அதே 'ஹாப்பி டைம்' ஆபீசில் போய் வேலைக்குச் சேருகிறாள்.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி மௌனியைப் படிக்கிறவனுக்கு, செத்த பிறகும் ஆபீஸ் உண்டு என்பது கற்பனையாகத் தோன்றாது. எங்கள் கிளையில் இறந்தவர் கணக்குகளை முடித்துக் கொடுக்கும் வேலை மூன்று வருஷமாக என்னிடம் இருக்கிறது. மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நாமினி கையெழுத்து. இறந்தவர் என்று கம்ப்யூட்டரில் ஒரு குறி விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கணக்கில் அவர் பேரால் எதுவும் நடக்காது. சென்ற குறுவை அறுப்பு சமயத்தில் ஓர் அம்மாள் பணம் எடுக்கும் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கணவரின் கையெழுத்து இருந்தது, தொகை இருந்தது, தேதி மட்டும் இல்லை. "போட்டு வச்சுட்டுத்தான் தம்பி போயிருக்காரு. தேதிய நீங்களே எழுதிக்குங்க" என்றார். எழுத முடியாது என்று அவருக்குப் புரிய வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததா என்பது வேறு விஷயம்.

தொடரிலும் ஒரு சீட்டு இருக்கிறது. காலையில் இந்தச் சாவு உத்தியோகஸ்தர்கள் ஒரு வாஃபிள் கடையில், வழக்கமான மேஜையில் கூடுகிறார்கள். தலைவர் ரூப் (மேண்டி பட்டின்கின் நடித்தது, சமையலில் ருசி பார்க்கிற, கோபம் உள்ளே கனிகிற, அபாரமான பாத்திரம்) ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொடுக்கிறார். அதில் பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், இடம், நேரம். அவ்வளவுதான். வயது இல்லை, காரணம் இல்லை, ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. அந்த ரூபுக்கும் இது எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. மேலே யார் என்று கேட்கக் கூடாது. எத்தனை ஆத்மா எடுத்தால் விடுதலை என்பதும் அவரவருக்குத் தெரியாது. முட்டையும் காப்பியும் வந்துகொண்டிருக்க, நடுவில் சாவு பட்டுவாடா ஆகிறது. இந்தத் தொடரின் உருவம் என்று எதையாவது சொல்லலாமென்றால் அந்தச் சீட்டைத்தான் சொல்வேன். விளக்கம் தர மறுக்கிற உருவம். பிரமாதமான தத்துவம் எதையும் அது பேசவில்லை. அந்தச் சீட்டின் அளவுக்குள் நின்றுகொண்டது. ஜார்ஜின் தங்கை ரெஜி, அக்காள் செத்த பிறகு, ஊரிலுள்ள கழிப்பறை இருக்கைகளைத் திருடிக்கொண்டு வந்து வீட்டு மரத்தில் தொங்கவிடுகிறாள். அதைப் பற்றி யாரும் ஒரு வசனம் பேசி அர்த்தம் சொல்வதில்லை. சிரிப்பு வருகிறது. சிரிப்பு முடிவதற்குள் தொண்டையை அடைக்கிறது.

நம்மிடமும் எமலோகத்து நகைச்சுவை உண்டு. 'யமனுக்கு யமன்' (1980), 'அதிசயப் பிறவி' (1990) என்று மீசை, கதை, எருமை சகிதம். நம் சினிமா எமன் ஒரு ஜமீன்தார். சித்ரகுப்தன் அவருடைய கணக்குப்பிள்ளை. 'அதிசயப் பிறவி' மாதிரிக் கதையில் கணக்கில் ஒரு பிழை. காலம் வராதவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். எடு, திருப்பு, வேறு உடம்பில் போடு. பிழை என்று வந்துவிட்டால் அப்பீல் இருக்கிறது, அப்பீல் இருந்தால் நியாயம் இருக்கிறது. கடைசியில் இது சாவைப் பற்றிய சிரிப்பே அல்ல, தாலுக்கா ஆபீசைப் பற்றிய சிரிப்பு. புதுமைப்பித்தன் 'காலனும் கிழவியும்' எழுதியபோது இந்தக் கிண்டலை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தோற்றுத் திரும்புகிற காலனைப் பார்த்து நாம் சிரித்தாலும், கிழவியின் குடிசையில் இருக்கிற தரித்திரம் சிரிப்பை முழுதாக விடாது. அந்தத் திசையில் நம் சினிமா ஓர் அடிகூட வைக்கவில்லை.

ஸ்தல புராணங்கள் சினிமாவைவிடத் தைரியமானவை. திருக்கடவூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிற கும்பல் மார்க்கண்டேயனை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. உதைபட்டு எமன் விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. ஒருவரும் சாகவில்லை. பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிடுகிறாள். எமனுக்கு மறுபடி உத்தியோகம் கொடுக்க வேண்டியதாகிறது. ஃபுல்லரின் முதல் பகுதியிலும் இப்படியொரு பூர்வ கதை வருகிறது: கடவுள் சாவை ஒரு ஜாடியில் போட்டுத் தேரையிடம் காவலுக்குக் கொடுக்கிறார்; தவளை கெஞ்சி வாங்கிக் கீழே போட்டு உடைக்கிறது; சாவு வெளியே வருகிறது. யாருடைய பாவமும் இல்லை, கை நழுவல். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சந்நிதி. முதலில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லோர் உயிரையும் எடுத்த பாவம் தாங்காமல் அங்கே வந்து தவமிருந்தானாம். உற்சவத்தில் சுவாமி எமனையே வாகனமாக வைத்துப் புறப்படுகிறார். தன் வேலையே தனக்குப் பிடிக்காத இந்த எமன், ஜார்ஜுக்கு நெருங்கிய உறவு. சியாட்டில் வரை போக வேண்டியதில்லை, நன்னிலம் பஸ் போதும்.

ஃபுல்லர் முதல் பருவத்தின் நடுவிலேயே விலகிவிட்டார். ஜான் மேஸியஸ் பொறுப்பெடுத்தார். இரண்டாம் பருவத்தில் கூர்மை மங்கியது, மேஜை மட்டும் இருந்தது. அதையும் நிறுத்தினார்கள். கடைசிப் பகுதி ஹாலோவீன் ராத்திரியில் நடக்கிற கதை. எதையும் அது முடிக்கவில்லை. ரூப் யார், அவர் விட்டுவந்த குடும்பக் கணக்கு தீர்ந்ததா, ஜார்ஜின் அம்மா எப்படிச் சமாளிப்பாள் என்பதெல்லாம் அப்படியே கிடந்தன. நிறுத்தியது சானலின் வியாபாரம். அதில் கலை நோக்கம் தேடுவது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் 29-ஆவது பகுதியோடு டிவியை அணைத்தபோது, காரணம் சொல்லாத சீட்டு ஒன்று தொடருக்கே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வெட்டுப்பட்ட இடம் அதற்குப் பொருந்தியது. இதை நான் ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை. எல்லா நின்றுபோன தொடருக்கும் இது பொருந்தாது. மர்மத்தை வைத்துக்கொண்டு ஓடுகிற கதை - நம் 'விடாது கறுப்பு' மாதிரி - யார் செய்தது என்று சொல்லாமல் நின்றால் அது மோசடி. இங்கே மர்மமே கிடையாது. விடையில்லை என்பதைத்தான் முதல் நாளே சொல்லிவிட்டார்களே.

ஐந்து வருஷம் கழித்துப் படம் வருகிறது. கதை மேஸியஸும் ஸ்டீஃபன் காட்சோவும். பட்டின்கின் இல்லை. டெய்சியாக நடித்த லாரா ஹாரிஸ் இல்லை. அதே பாத்திரத்தில் சாரா விண்டர் வருகிறார். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசுவதில்லை, அந்த மட்டில் பரவாயில்லை. வாஃபிள் கடை எரிந்துபோயிருக்கிறது. ரூபுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று செய்தி வருகிறது. மேஜையும் போயிற்று, தலைவரும் போனார். பதிலுக்குக் கேமரன் கேன் என்று கோட்டு சூட்டு போட்ட ஒரு புதிய அதிகாரி (ஹென்ரி இயன் குசிக்). இவர் சீட்டு கொடுப்பதில்லை. செல்போன் கொடுக்கிறார். நீங்கள் செய்வது எதற்கும் விளைவில்லை, ஆகவே இஷ்டம்போல் இருங்கள் என்கிறார். அவரவர் தம் ஆசைப்படி நடக்க, காரியம் கெட்டுப்போகிறது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவரை ஒழித்துக் கட்டுகிறார்கள்.

இதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருந்தது. சீட்டுக்குப் பதில் செல்போன் என்பது எங்கள் ஆபீசில் நான் கண்ணால் பார்த்த மாறுதல். லெட்ஜரில் கை ஓடிய காலத்தில் சேர்ந்த மூத்தவர்கள் ஒருவரது கணக்கை மூடும்போது அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேன் அப்படிப்பட்ட நிர்வாக யுகத்தின் எமனாக இருந்திருக்கலாம். 'விளைவில்லை' என்று அவர் சொல்வது தொடர் இரண்டு பருவமாக முணுமுணுத்ததன் தர்க்கபூர்வமான கோடிதான். படம் அதை எதிர்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு அவரை வில்லனாக்கிவிட்டது. வில்லன் வந்ததும் விளைவு வந்துவிட்டது, தண்டனை வந்துவிட்டது, நியாயம் வந்துவிட்டது. 'அதிசயப் பிறவி'க்குத் திரும்பியாயிற்று. கடைசிக் காட்சியில் வானத்திலிருந்து ஜார்ஜ் மேல் மஞ்சள் சீட்டுகளாகப் பொழிகின்றன. இனி அவள்தான் தலைமை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். புரொமோஷன்! சாவைப் பற்றி ஆரம்பித்த கதை பதவி உயர்வில் முடிகிறது. முதல் பகுதியில் வானத்திலிருந்து விழுந்தது என்ன என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால் இந்தச் சீட்டு மழை எவ்வளவு பெரிய சரிவு என்பது விளங்கும்.

பிறர் கை பட்ட தொடர்ச்சிகள் நமக்குப் புதிதில்லை. தேரழுந்தூர்க்காரன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினான். உத்தர காண்டம் ஒட்டக்கூத்தனுடையது என்பது மரபு. தன் ராமாயணத்தை அவன் கிழித்துக்கொண்டிருந்தபோது கம்பன் ஓடிப்போய் மிஞ்சியதைக் காப்பாற்றினான் என்று அதற்கொரு கதையும் உண்டு. கதை உண்மையோ பொய்யோ, வீட்டில் பாராயணம் செய்கிறவர்கள் பட்டாபிஷேகத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அது முடிந்த காவியத்துக்குப் பின்ஒட்டு. நம் கேள்வி வேறு. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். வாரப் பத்திரிகை வாசகனுக்கு வாக்குக் கொடுத்த சரக்கு, கொடுத்தார்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. கல்கியின் கதை உருவம் அடுத்த வாரத்தை நம்பியே நின்ற உருவம்.

இதற்கு நேர் எதிராக டேவிட் லிஞ்ச். 1991-ல் 'ட்வின் பீக்ஸ்' தொடரை நிறுத்தினார்கள். நாயகன் வேறு உலகத்தில் அகப்பட்டுக் கிடக்கிறான். அடுத்த வருஷம் லிஞ்ச் படம் எடுத்தார். அவனை மீட்பார் என்று காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தது, தொடர் ஆரம்பிக்கும்போதே பிணமாகக் கிடந்த லாரா பால்மரின் கடைசி ஏழு நாட்கள். முன்னால் போகச் சொன்னார்கள், பின்னால் போனார். நின்ற இடத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் வெறும் புதிராக இருந்தது போய் மனுஷியாகிவிட்டாள். தொடர்வது என்றால் இப்படியும் ஒரு வழி உண்டு. ஆனால் அது அவருடைய சொந்தக் கை. (நாயகனைத் தேடி அவர் மறுபடி வர 2017 ஆயிற்று.)

இவ்வளவு திட்டிவிட்டு, நேர்மையாக இருக்க வேண்டுமென்றால், ரெஜி வருகிற பகுதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரெஜி இப்போது பள்ளிக்கூடப் பெரிய பெண். அவள் ரகசியமாக நேசிக்கிற பையனின் ஆத்மாவை எடுக்க வேண்டியவள் ஜார்ஜ். உரிய வேளையில் எடுக்கத் தவறுகிறாள். அவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். முன்பின் தெரியாத இந்தப் பெண் தன் அக்காள் என்று ரெஜி கண்டுகொள்கிறாள். ஜார்ஜ் மறுக்கவில்லை. தொடர் எதைக் கண்டிப்பாகத் தடுத்து வைத்திருந்ததோ, எந்தத் தடையினால் 29 பகுதியும் இறுகி நின்றதோ, அது உடைகிறது. உருவத்தைக் காப்பாற்ற நினைக்கிற விமர்சகன் என்ற முறையில் நான் ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்கிறேன். ஆனால் எலன் மூத் என்ற அந்த நடிகை தங்கையைப் பார்க்கிற பார்வையில் ஐந்து வருஷத்துக் காத்திருப்பு இருக்கிறது. டைரக்டர் இயக்கிக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். இடையில் கழிந்த காலம் செய்துவிட்ட வேலை. குழந்தையாக இருந்த பிரிட் மெக்கில்லிப் வளர்ந்துவிட்டாள், அவள் முகத்திலேயே அது தெரிகிறது. நான் படத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சாவு தன் சட்டத்தை ஒரே ஒருத்திக்காக, யாருக்கும் தெரியாமல், ஒரு ராத்திரி தளர்த்தியதை என்னால் ஏற்க முடிகிறது. அதையே எல்லோருக்குமான முடிவாக்கி மேலே சீட்டு மழை பொழிவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தையில் போன நம் நண்பர் விட்டுச்சென்ற நோட்டு என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். குறுநாவல். 140 பக்கம். கடைமடைக் கிராமத்தில் ஒருவன் மதகின் மேல் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருக்கிறான். மேட்டூர் திறந்து நாளாயிற்று, கல்லணையும் திறந்தாயிற்று என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'இன்னும்' என்ற சொல்லோடு வாக்கியம் நிற்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் மளிகைக் கணக்கு.

அவர் மனைவி ஒரு நாள் கிளைக்கே வந்தார். "அண்ணே, நீங்க முடிச்சுக் குடுத்துடுங்க. உங்ககிட்டதானே எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார். உண்மை. முடிவைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார், மூன்று தடவை, மூன்று விதமாக. நான் பதினோரு பக்கம் எழுதினேன். அவர் நடையிலேயே வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் வந்துவிடுகிறது. வாய்க்காலில் நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு வர அவன் எழுந்து நிற்கிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர் படித்துவிட்டு, எந்த இடத்தில் கை மாறுகிறதென்று தெரியவில்லை என்றார். அது பாராட்டு என்றே அன்று எடுத்துக்கொண்டேன். அதே வாரம் ராத்திரி இந்தப் படத்தைப் பார்த்தேன். வானத்திலிருந்து மஞ்சள் சீட்டுகள் விழ ஆரம்பித்ததும் என் பதினோரு பக்கத்தை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அந்தப் பக்கங்களை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். யார் எழுதியது என்று சொல்லித்தான் கொடுத்தேன். படித்தாரா தெரியாது. நானும் கேட்கவில்லை. என்னிடம் பிரதி கிடையாது.

நோட்டிலிருந்தது அப்படியே அடுத்த இதழில் வருகிறது. ஆசிரியருக்கு இதில் முழுச் சம்மதமில்லை. பக்கம் விட்டுப்போய்விட்டது என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள் என்கிறார். எழுதட்டும். முதல் புரூஃபில் 'இன்னும்' என்ற சொல்லுக்குப் பிறகு அச்சகத்துப் பையன் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தான். அடித்துவிட்டு அனுப்பினேன். நேற்று இரண்டாவது புரூஃப் வந்தது. அந்த இடத்தில் இப்போது மூன்று புள்ளிகள் இருக்கின்றன.